பழைய நேரமா, புது நேரமா?

2006 ஏப்ரல் 15ஆம் திகதி பிறந்தபோது, நள்ளிரவு தாண்டிய பன்னிரண்டேகால் மணி இலங்கையில் இரண்டு தரம் வந்தது. முதல் தரம் வந்து போய், மணிக்கூடு பன்னிரண்டரையைத் தொட்டதும் அரசாங்கம் அதை அரைமணி பின்னுக்கு இழுத்துப் பன்னிரண்டு ஆக்கியது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பன்னிரண்டேகால். கொழும்பிலும் இப்படித்தான், திருகோணமலை நகரத்திலும் இப்படித்தான். ஆனால் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற வீதியில் இருக்கிற கிளிவெட்டியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் கதை வேறு. அன்றைக்கு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும் பன்னிரண்டேகால் ஒரே தரம்தான் வந்தது. அங்கே அந்த இரவு எவரும் மணிக்கூட்டைத் தொடவில்லை. அதற்கு முந்திய பத்து வருடமும் தொட்டதில்லை.

எல்லாம் ஒரு மின்வெட்டில் தொடங்கியது. 1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களின் அணைகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அன்றைக்கு அந்தத் தண்ணீரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மாலையில் விளக்குப் போடுகிற நேரத்தைத் தள்ளிவைத்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு, மே 25 பிறந்த நள்ளிரவில் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னே தள்ளினார்கள். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருந்த நாடு ஆறரை மணிக்குப் போனது. ஐந்து மாதம்தான் தாக்குப்பிடித்தது. ஒக்டோபர் 26ஆம் திகதி அரைமணியைக் குறைத்து ஆறு ஆக்கினார்கள். அந்த ஆறிலேயே 2006 புத்தாண்டு வரை நாடு ஓடியது. புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவேயில்லை. பழைய ஐந்தரையிலேயே நின்றார்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஒரு கல்யாணத்துக்கோ கூட்டத்துக்கோ நேரம் சொன்னால், "பழைய நேரமா, புது நேரமா?" என்று திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு கட்டுப்பாட்டுப் பகுதிகளும் முட்டிக்கொண்ட மூதூர்ப் பகுதியில் அந்தக் கேள்விக்கு வேலை அதிகம்.

சூரியனைக் கேட்டால் அது பழைய நேரத்தின் பக்கம்தான் பேசும். ஐந்தரை மணி நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கமாகப் போகிறது. கிளிவெட்டி அதற்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே பழைய நேரத்தில் கிளிவெட்டியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு ஐந்துக்கு. இலங்கையில் கிழக்கே போகப்போக மணிக்கூடும் வானமும் நெருங்கும். கொழும்பில் அதே உச்சி பன்னிரண்டு பத்தரை ஆகிவிடும். 1996 ஜூனில், ஆறரை மணிக் கணக்கில், கிளிவெட்டியின் நடுப்பகல் ஒரு மணியைத் தாண்டியிருக்கிறது.

நான் இதையெல்லாம் எடுத்துச் சொல்லக் காரணம், அரசாங்கம் செய்த இந்த மாற்றங்கள் அத்தனையும் உங்கள் கைத்தொலைபேசிக்குத் தெரியும் என்பதுதான். உள்ளே ஒரு சிறு கோப்பு இருக்கிறது. பெயர் 'ஏசியா/கொழும்பு'. அளவு சில நூறு பைட்.

கணினிக்கு மணி, திகதி எதுவும் தெரியாது. 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற ஒற்றை எண்தான் அதன் நேரம். அதை மனிதர் வாசிக்கிற மணியாக மாற்ற ஒரு பட்டியல் வேண்டும்: இந்த விநாடியிலிருந்து இந்த விநாடி வரை இவ்வளவைக் கூட்டு என்று சொல்லும் பட்டியல். 'ஏசியா/கொழும்பு' கோப்பில் 1145039400 என்று ஓர் எண் இருக்கிறது. 114 கோடியே 50 இலட்சத்து 39 ஆயிரத்து 400ஆவது விநாடி. அதுதான் 2006 ஏப்ரலில் மணிக்கூட்டைப் பின்னுக்கு இழுத்த கணம். அதற்கு முந்திய விநாடிக்கு ஆறு மணியைக் கூட்டவேண்டும். அதிலிருந்து ஐந்தரையைக் கூட்டவேண்டும். இரண்டு பன்னிரண்டேகாலும் கணினிக்கு வேறு வேறு எண்கள். குழப்பம் நமக்குத்தான்.

இந்தக் கோப்பின் மூலவடிவத்தை எவரும் திறந்து வாசிக்கலாம். சாதாரண எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு மாற்றம். மேலேயிருந்து வந்தால் 1880 வரை கொழும்பின் சொந்தச் சூரிய நேரம், பிறகு 1906 வரை மொறட்டுவை நேரம் என்று ஒன்று, பிறகு ஐந்தரை. 1942 ஜனவரியில் யுத்தத்துக்காக அரைமணி கூட்டப்பட்டது, செப்டெம்பரில் இன்னோர் அரைமணி, 1945 ஒக்டோபரில் எல்லாம் கழிக்கப்பட்டது. யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. டோக்கியோ நேரத்தில் பத்து மணி என்று குறித்த ஒரு குறிப்பை இன்றைய வழக்கத்தின்படி திருகோணமலை நேரமாக மாற்றினால் ஆறரை வரும். அந்தப் பட்டியலின்படி மாற்றினால் ஏழு. சரித்திரம் எழுதுகிறவருக்கு இந்த அரைமணி பெரிய அரைமணி. ஆனால் 1970க்கு முந்திய விபரங்களை அதிகம் நம்பவேண்டாம் என்று பட்டியலைத் தொகுத்தவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

வரிகளை விடவும் வரிகளுக்கு மேலே உள்ள குறிப்புகள்தான் எனக்குப் பிடித்தவை. கணினி அவற்றைத் தாண்டிப் போய்விடும். மனிதருக்கு மட்டும் எழுதப்பட்டவை. 1996இன் இரண்டு மாற்றங்களுக்கும் எந்தப் பத்திரிகை என்ன சொன்னது, எந்த அமைச்சர் என்ன சொன்னார் என்று இருக்கிறது. 2006 மாற்றத்துக்கு ஏப்ரல் 14 திகதியிட்ட குறிப்பு இருக்கிறது, மாற்றத்துக்கு முதல்நாள்! புலிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் இந்தியாவோடு ஒத்த நேரத்தையே வைத்திருந்தார்கள் என்ற ராய்ட்டர்ஸ் செய்தியும் இருக்கிறது. அதன் கீழே தொகுப்பாளர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதிகளில் வாழ்கிறவர்கள் தங்கள் கணினியில் 'ஏசியா/கொல்கத்தா' என்று தெரிவுசெய்துகொள்ளலாம், 1970 முதல் அந்தப் பகுதிகளின் நேரமும் அதுவும் ஒன்றுதான் என்கிறார். அவர் யார் பக்கமும் பேசவில்லை. இரண்டு பட்டியலில் எது அந்த மக்களின் மணிக்கூட்டோடு பொருந்துகிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

உலகம் முழுவதற்குமான இப்படிப்பட்ட பட்டியல்களின் தொகுப்புக்கு டீ-இசட் தரவுத்தளம் என்று பெயர். திறந்த மூல மென்பொருள் உலகத்தில் இதைவிடச் சிறியதாக, இதைவிடப் பரவலாகப் புழங்குகிற பொருள் அதிகம் இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் வேலைசெய்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கினார். இன்றைக்கு லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் போல் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்துகிற நிறுவனம் ஒன்றும் கிடையாது. உலகம் முழுவதிலுமிருந்து ஆர்வலர்கள் ஒரு மின்னஞ்சல் குழுவில் தகவல் அனுப்புவார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒத்துப் பார்த்துச் சேர்ப்பார். பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்து. லினக்ஸ், அண்ட்ராய்ட், ஆப்பிள் சாதனங்கள், ஜாவா நிரல்மொழி, தரவுத்தள மென்பொருள்கள் எல்லாம் இங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

ஒரு பிரதேசத்துக்குத் தனிப் பெயர் கிடைக்க இங்கே ஒரு விதி உண்டு: 1970க்குப் பிறகு எப்போதாவது அதன் மணிக்கூடு மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கவேண்டும். இந்தியாவின் மணிக்கூடு 1970 முதல் அசையவில்லை. இலங்கையும் 1996 மே வரை அதே ஐந்தரை, 2006க்குப் பிறகும் அதே ஐந்தரை. இடையில் அந்தப் பத்து வருடம் வந்திராவிட்டால், இந்த விதியின் கண்ணில் கொழும்பு என்பது கொல்கத்தாவுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். அணைகள் வற்றியதால் கணினிகளின் உலகப்படத்தில் ஒரு நாட்டுக்குத் தனி வரி கிடைத்தது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு தலைவலி உண்டு: எப்போது வெளியிடுவது? திருத்தங்கள் வந்துகொண்டேயிருக்கும், எங்கேயாவது கோடு கிழித்து 'இதுதான் பதிப்பு' என்று சொல்லவேண்டும். இதற்கு ஆளுக்கொரு மரபு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் இரண்டு வாரம் புதிய வேலைகளை உள்ளே விடுவார்கள், பிறகு கதவை மூடிவிட்டு ஏழெட்டு வாரம் வழு பார்ப்பது மட்டும்தான். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு. லினக்ஸை வைத்துச் செய்த உபுண்டு இயங்குதளத்தில் ஏப்ரல், ஒக்டோபர் என்று நாட்காட்டியிலேயே குறித்திருக்கிறது. அதே போன்ற இன்னோர் இயங்குதளமான டெபியன்காரர்கள் 'ஆயத்தமானதும் வரும்' என்பார்கள். 2002இல் ஒரு பதிப்பு வந்தபின் அடுத்ததற்கு உலகம் 2005 வரை காத்திருந்தது. 2006 ஏப்ரலில் வரவேண்டிய உபுண்டுவையும், இன்னும் பதம் பார்க்கவேண்டும் என்று ஜூனுக்குத் தள்ளிவைத்தார்கள். ஒருவருக்கும் குறை இல்லை. அதே ஏப்ரலில் இலங்கையின் நேரத்தைத் திருத்தவேண்டியிருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. 15ஆம் திகதி 15ஆம் திகதிதான்.

டீ-இசட்டுக்கு வெளியீட்டு நாட்காட்டியே கிடையாது. அதன் நாட்காட்டி மற்றவர்களின் அமைச்சரவைக் கூட்டங்களில் இருக்கிறது. ஆகவே பதிப்பின் பெயரும் எளிமையானது: வருடம், அதோடு ஓர் ஆங்கில எழுத்து. 2006ஏ, 2006பி என்று போகும். அமைதியான வருடங்களில் நாலைந்து எழுத்தோடு நின்றுவிடும். 2009இல் 'யு' வரை போயிற்று. எழுத்துத் தீர்ந்துபோனால் 'இசட் ஏ', 'இசட் பி' என்று தொடர்வதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அரசாங்கங்களை நன்றாக அறிந்த மனிதர்கள்.

அரசாங்கங்களும் அவர்களை ஏமாற்றுவதில்லை. 2016இல் எகிப்து ஜூலை 7ஆம் திகதி கோடைநேரத்துக்கு மாறுவதாக இருந்தது. எல்லோரும் திருத்தி முடித்த பிறகு, இரண்டு மூன்று நாள் இருக்கையில் வேண்டாம் என்றது. ஜூலை 5இல் 2016எஃப் வெளிவந்தது. 2018 ஒக்டோபர் 28இல் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளவேண்டிய மொரோக்கோ, இனி மாற்றமே இல்லை, கோடைநேரமே நிரந்தரம் என்று முடிவெடுத்தது. 2018ஜி வெளிவந்தது 26ஆம் திகதி. இரண்டே நாள்.

ஆனால் வெளியீட்டு வேலையின் உச்சம் என்று நான் நினைப்பது 2023 மார்ச்சில் லெபனானுக்காக நடந்தது. அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கோடைநேரம் தொடங்கும். அதற்கு மூன்றே நாள் இருக்கும்போது, காபந்துப் பிரதமர் நஜீப் மிகாத்தி அதை ஏப்ரல் 20 வரை ஒத்திவைத்தார். நோன்பு மாதம் அது. அறிவித்த அன்றே, 23ஆம் திகதி, 2023பி வெளியாயிற்று. ஒத்திவைப்பு அப்படியே பட்டியலில் ஏறிவிட்டது. பிறகுதான் சிக்கல். மரோனைட் திருச்சபை ஒத்திவைப்பை ஏற்கமாட்டோம் என்றது. தொலைக்காட்சி நிலையங்களும் பாடசாலைகளும் பலவும் அதன் பின்னே போயின. ஞாயிறு காலை ஒரே நகரத்தில் இரண்டு நேரம். நம் ஊர்க்காரர் எவராவது அங்கே இருந்திருந்தால் கேள்வியைச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

திங்கட்கிழமை அரசாங்கம் பின்வாங்கி, புதன் நள்ளிரவில் கோடைநேரம் தொடங்கும் என்றது. இப்போது பட்டியலில் என்ன எழுதுவது? சட்டப்படி பார்த்தால் லெபனான் நாலு நாள் பிந்தி மாறியது என்று எழுதவேண்டும். ஆனால் பாதி நாடு ஞாயிறே மாறிவிட்டது. 2023பியை உலகத்தின் கைத்தொலைபேசிகளில் பெரும்பாலானவை இன்னும் பார்க்கவும் இல்லை. இன்னொரு திருத்தத்தை எழுதினால், அது போய்ச் சேர்வதற்குள் நாலு நாளும் முடிந்துவிடும். ஒருங்கிணைப்பாளர் 28ஆம் திகதி 2023சியை வெளியிட்டார். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. குறிப்புகளைத் தவிர்த்துப் பார்த்தால், எழுத்துக்கு எழுத்து 2023ஏதான். லெபனான் வழக்கம்போல ஞாயிறு மாறியது என்றே பட்டியல் இன்றைக்கும் சொல்கிறது. கிடைத்த மோசமான வழிகளில் இதுவே குறைந்த மோசம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே மறைக்காமல் எழுதினார்கள். ஒரு வரியும் புதிதாக இல்லாத பதிப்பை, நிதானமாகக் கையொப்பமிட்டு வெளியிடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். புதிய வசதிகளை அடுக்கி விளம்பரம் செய்கிற தொழிலில் இது அபூர்வம்.

சரியான திருத்தம் எல்லாம் நல்ல திருத்தம் ஆகிவிடாது என்பதையும் இதே திட்டம் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. அயர்லாந்தின் சட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. மற்ற நாடுகளில் குளிர்கால நேரம் இயல்பு, கோடையில் ஒரு மணி கூட்டுவது விலக்கு. அயர்லாந்தில் கோடைதான் இயல்பு. குளிர்காலத்தில் ஒரு மணியைக் கழிக்கிறார்கள். காட்டும் மணி இரண்டு விதத்திலும் ஒன்றே. 2018 ஜனவரியில் பட்டியலைச் சட்டத்துக்கு ஒத்தபடி, கழித்தல் குறியோடு திருத்தினார்கள். திருத்தம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கோடை என்றால் கூட்டல்தான் என்று நம்பி எழுதப்பட்ட ஜாவாவின் மென்பொருள் கழித்தலைக் கண்டு விழித்தது. அந்த மாதம் முடியுமுன்னே திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு அதே தரவை இரண்டு வடிவத்தில் கொடுக்கும் ஏற்பாட்டோடுதான் மறுபடி கொண்டுவந்தார்கள்: புதியவர்களுக்குக் கழித்தல், பழையதை நம்பியிருப்பவர்களுக்கு அதே கூட்டல். 'கல்கத்தா' என்ற பழைய பெயரையும் இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். நகரம் பெயர் மாற்றிப் பல வருடமாயிற்று. ஆனால் பழைய நிரல் ஒன்று 'ஏசியா/கல்கத்தா' என்று கேட்டால் இன்றைக்கும் பதில் கிடைக்கும்.

இந்தப் பொறுமை எப்போதும் ஒரே அளவில் இருந்தது என்று சொல்லமாட்டேன். 1970 முதல் ஒத்துப்போகும் நகரங்களை ஒன்றாக்கும் வேலையில், 2022இல் ஸ்டொக்ஹோமும் கொப்பன்ஹேகனும் பெர்லினுக்கு இன்னொரு பெயர் ஆயின. அந்த நாடுகளின் 1970க்கு முந்திய நேரச் சரித்திரம் முதன்மைப் பட்டியலை விட்டு ஒரு துணைக் கோப்புக்குப் போனது. குழுவில் பெரிய வாக்குவாதம். பிரிந்துபோய் வேறு பட்டியல் நடத்துவோம் என்ற பேச்சுக்கூட எழுந்தது. வேண்டியவர்கள் பழைய சரித்திரத்தையும் சேர்த்துத் தொகுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். ஒரு நாட்டின் பழைய மணிக்கூட்டைச் சேமிக்க ஆகும் செலவு சில நூறு பைட். அதை இடம் மாற்றியதால் கெட்டுப்போன நம்பிக்கை அதைவிட அதிகம்.

பதிப்பு வெளியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. அதற்குப் பிறகுதான் நீண்ட வழி. உதாரணத்துக்கு டெபியனை எடுங்கள். அதன் 'நிலைத்த' பதிப்பு வெளிவந்தபின் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பாதுகாப்பு ஓட்டை, மோசமான வழு இவற்றுக்கு மட்டும் விலக்கு. அப்போதும் மென்பொருளின் புதுப் பதிப்பைக் கொண்டுவராமல், தேவையான நாலு வரியை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். வைத்தியசாலையிலும் வங்கியிலும் ஓடுகிற கணினி இரவோடிரவாகக் குணம் மாறக்கூடாது என்பதுதான் காரணம். ஆனால் நேரப்பட்டியல் வந்தால் அந்தக் காவல் ஒதுங்கி வழிவிடும். தனி வழியொன்றில் புதுப் பதிப்பையே உள்ளே எடுப்பார்கள். இங்கே மாறாமல் இருப்பதுதான் வழு. நேற்றுவரை சரியாக இருந்த கோப்பை எவரும் தொடவில்லை. அமைச்சர் ஒருவர் பேசினார், கோப்பு பிழையாகிவிட்டது.

இன்னொரு தொல்லை, ஒரே கணினிக்குள் பல பிரதிகள் இருப்பது. இயங்குதளத்துக்கு ஒன்று, ஜாவாவுக்குத் தன் சொந்தப் பிரதி, பிஎச்பி நிரல்மொழிக்கு ஒன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடும் ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெளியீட்டு ஒழுங்கு. ஒன்றைப் புதுப்பித்து மற்றதை மறந்தால், ஒரே பெட்டிக்குள் இரண்டு நேரம் ஓடும். கைத்தொலைபேசியில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. முழு இயங்குதளத்தையும் தயாரிப்பாளர் புதுப்பித்தால்தான் பட்டியல் மாறும். மலிவு விலைத் தொலைபேசிகளுக்கு அந்தப் புதுப்பித்தல் வருவதேயில்லை. அண்ட்ராய்ட் 10இலிருந்துதான் நேரப்பட்டியலைத் தனியாகப் புதுப்பிக்க ஒழுங்கான வழி செய்தார்கள்.

நிரல் எழுதும் பிள்ளைகள் ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். நடந்து முடிந்ததைக் கிரீன்விச் நேரத்தில் சேமித்தால் பிழையில்லை. நடக்கப்போவதை அப்படிச் சேமிக்கக்கூடாது. 2006 மார்ச்சில் ஒருவர் ஏப்ரல் 20 காலை ஒன்பது மணிக்கு வைத்தியரிடம் நேரம் எடுத்தார் என்று வையுங்கள். மென்பொருள் அதைக் கிரீன்விச் மூன்று மணி என்று மாற்றி வைத்திருந்தால், புத்தாண்டுக்குப் பிறகு திறந்து பார்க்கும்போது எட்டரை என்று காட்டும். ஒன்பது மணி, 'ஏசியா/கொழும்பு' என்று இரண்டையும் அப்படியே எழுதி வைத்தால் மட்டுமே அரசாங்கம் எதைச் செய்தாலும் ஒன்பது ஒன்பதாக நிற்கும்.

இப்படியான ஒரு பட்டியலை ஒருநாள் சோதிடம் நிறுத்திவைத்தது என்றால் நம்புவீர்களா? 2011 செப்டெம்பர் 30இல் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்கச் சோதிட மென்பொருள் நிறுவனம் ஓல்சன் மீதும் எகர்ட் மீதும் வழக்குப் போட்டது. சாதகம் கணிக்க உலகத்து ஊர்களின் பழைய நேரங்களைத் தொகுத்த ஒரு நூல் உண்டு. அதன் உரிமை தன்னுடையது, அதிலிருந்து விபரம் எடுத்தது குற்றம் என்பது வாதம். பட்டியலில் அந்த நூலைச் சான்றாகக் காட்டிய குறிப்புகள் இருந்தது உண்மை. ஒக்டோபர் 6இல் ஓல்சன் தன் வழங்கியை மூடினார். உலகத்தின் கணினிகளுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்த இடம், சோதிடர்களின் வழக்கால் இருண்டது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் நிறுவனம் பொறுப்பெடுத்துத் தன் கிளையான ஐயானாவில் ஏற்றியது. 2012 பெப்ரவரியில் வழக்குத் தொடுத்தவர்கள் மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். இன்ன நேரத்துக்கு மணிக்கூட்டை மாற்றினார்கள் என்பது நடந்த செய்தி. நடந்ததற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஒரு மனிதரின் வழங்கியை நம்பியிருந்தது எவ்வளவு ஆபத்து என்பது அப்போது நன்றாக உறைத்தது. ஒருங்கிணைப்பாளர் விலகினால் அடுத்தவரை எப்படித் தெரிவுசெய்வது என்பதுவரை சொல்லும் ஆர்எஃப்சி 6557 என்ற ஆவணமும் அதே 2012 பெப்ரவரியில் வெளிவந்தது.

சோதிடர்களின் அக்கறை நமக்கும் அந்நியமில்லை. 1996 ஒக்டோபர் 26க்கும் 2006 ஏப்ரல் 15க்கும் இடையில் திருகோணமலை மாவட்டத்தில் பிறந்த ஒருவருக்குச் சாதகம் கணிக்கும்போது, கணினிச் சோதிடர் பிறந்த ஊரைத் தட்டியதும் மென்பொருள் தானாகக் கொழும்பு நேரத்தை எடுத்துக்கொள்ளும். பிள்ளை பிறந்தது சம்பூரில், நேரம் குறித்தவர் கையில் கட்டியிருந்தது பழைய நேரம் என்றால் அரைமணி பிசகும். அரைமணி என்றால் இராசிமண்டலத்தில் ஏறத்தாழ ஏழரைப் பாகை. எல்லையில் பிறந்த பிள்ளைக்கு இலக்கினமே மாறிவிடும். சாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நம்புகிறவர்கள் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டு நம்பட்டும்.

2006இல் சம்பூர்ப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் வருடக்கணக்காக இருந்தார்கள். பழைய நேரத்தில் வாழ்ந்தவர்கள் என்பதற்கு அவர்களிடம் என்ன ஆவணம் மிஞ்சியிருக்கும் என்பது கேள்விதான். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலும் அதே கதை. பாடசாலை எத்தனை மணிக்கு மணியடித்தது, சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பஸ் எந்த நேரத்தில் புறப்பட்டது, எந்தத் திகதியில் எந்த ஊர் எந்த நேரத்துக்குத் திரும்பியது என்பதற்கெல்லாம் தரவுத்தளத்தில் இருக்கிற சாட்சி ஒரு செய்தி நிறுவனத்தின் சில வரிகள் மட்டும். ஒரு கல்யாண அழைப்பிதழில் 'பழைய நேரம்' என்று அச்சாகியிருக்கலாம். பழைய பாடசாலை நேரசூசி ஒன்று அலுமாரிக்குள் கிடக்கலாம். திகதியோடு அப்படி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் படமெடுத்து, எந்த ஊர் என்று குறித்து அனுப்புங்கள். மின்னஞ்சல் முகவரி ஐயானாவின் இணையத்தளத்தில் இருக்கிறது. ஒரு வரி விளக்கம் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் போதும், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.